பட்டோலையும் நியமனமும்: ஈட்டின் வரலாறும் நீலகிரி ஆராய்ச்சி ஒன்றும்



ஆராய்ச்சி நெறியைப் பற்றி இந்நாளில் எழுதப்படும் நூல்களில் இரண்டு கேள்விகள் தவறாமல் இடம்பெறுகின்றன. கண்டறிந்தது உள்ளபடி உண்மைதானா என்பது ஒன்று. கண்டறிந்த வழி தகுமா என்பது மற்றொன்று. முன்னதை நம் பெரியோர் ப்ராமாண்யம் என்ற சொல்லால் வழங்கினர். பின்னதற்கு நம் ஸம்ப்ரதாயத்தில் கைவந்த சொல் நியமனம். அதாவது, சொல்லுதற்கு உரியவர் இசைந்து, இதைச் செய்க என்று பணித்தல். இவ்விரண்டாம் கேள்வி 1947-இல் நியூரம்பர்க் நீதிமன்றத் தீர்ப்பை ஒட்டியே உலகில் எழுந்தது என்று பலரும் எழுதுகின்றனர். மருத்துவச் சோதனைகளைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் சரியே. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2017-இல் வெளியிட்ட நெறிமுறைகளும் அவ்வழி வந்தவையே. ஆனால் ஒருவர் வாயால் சொன்னதை மற்றொருவர் எழுத்தில் கொள்ளும்போது எது முறை, எது முறையன்று என்பதைத் திருவரங்கத்தில் 13-ஆம் நூற்றாண்டிலேயே விசாரித்து, ஒரு முடிவும் செய்திருக்கிறார்கள். அந்த விசாரத்துக்கு இலக்கானது ஈடு முப்பத்தாறாயிரப்படி.

ஈடு பிறந்த வரலாற்றை இவ்விதழின் வாசகர்கள் அறிவார்கள். ஆயினும் அதில் ஓரிடத்தை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம் என்பது அடியேன் கருத்து. நம்பிள்ளை திருவாய்மொழிக்கு அருளிச்செய்த காலக்ஷேபத்தைப் பகலில் கேட்டு, இரவில் எழுதி வைத்தார் வடக்குத் திருவீதிப்பிள்ளை. நம்பிள்ளை அதை அறிந்து, ஏட்டை வாங்கிப் பார்த்தார். கேட்டது ஒன்றும் விடாமல், மிகையாகவும் ஏறாமல் இருந்தது. திருவுள்ளம் உகந்தார். உகந்த பின், நம் நியமனமின்றி இதை எழுதியது என் என்று கேட்டார். மறவாமைக்காக எழுதினேன் என்று பிள்ளை விண்ணப்பித்தார். நம்பிள்ளை ஏட்டைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். பின்னர் ஈயுண்ணி மாதவப்பெருமாள் வேண்ட, அவருக்கே கொடுத்தார். உபதேசரத்தினமாலையில் மணவாளமாமுனிகள் இந்தக் கொடுக்கல் வாங்கலை ஒரு பாசுரத்தில் பதிவு செய்தருளியிருக்கிறார்.

நாம் வேகமாகக் கடக்கும் இடம் இதுவே: நம்பிள்ளை அந்த ஏட்டில் பிழை கண்டாரில்லை. பிழை கண்டிருந்தால் தடுத்ததற்குக் காரணம் எளிது. பிழையற்றது என்று தாமே கொண்டாடிய நூலைத் தாமே தடுத்தார். அதே காலக்ஷேபத்தைக் கேட்டு, நம்பிள்ளையின் நியமனத்தாலேயே பெரியவாச்சான்பிள்ளை அருளிய இருபத்துநாலாயிரப்படிக்கு இத்தகைய தடை ஒன்றும் நேரவில்லை. ஆசார்யர் ஒருவர், கேட்ட பொருளும் ஏறத்தாழ ஒன்று. ஒரு நூல் உலவிற்று, மற்றொன்று நின்றது.

இதற்கு முந்திய தலைமுறையில் நடந்த ஒன்றையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதாயிரப்படியை நல்ல எழுத்தில் ஏடுபடுத்தித் தரும்படி நம்பூர் வரதராஜர் என்பாரிடம் கொடுத்தார். வரதராஜர் தம் ஊருக்குச் செல்லக் காவிரியை நீந்திக் கடக்கையில் வெள்ளம் பெருகி ஏட்டைக் கொண்டுபோயிற்று. அவர், கேட்டிருந்ததை நினைவிலிருந்து எழுதினார். எழுதுகையில் சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறந்த பொருள்களும் உடன் சேர்ந்தன. நஞ்சீயர் ஏட்டைப் பார்த்து, இது நாம் எழுதியதினும் வேறாக இருக்கிறதே என்று கேட்டார். வரதராஜர் தயங்கினார், பின்பு நடந்ததை நடந்தபடி விண்ணப்பித்தார். நஞ்சீயர் அவரை அணைத்துக்கொண்டு, நம்முடைய பிள்ளை என்று உகந்து அழைத்தார். அந்த வரதராஜரே பிற்காலத்து நம்பிள்ளை.

படி எடுப்பவனுடைய கடமை என்ற அளவுகோலால் அளந்தால் வரதராஜருடைய ஏடு குறையுள்ளது. மூலத்தில் இல்லாதது அதில் இருந்தது. ஆயினும் மூலத்துக்கு உடையவர் கண்டார், கேட்டார், உண்மை சொல்லப்பட்டது, அவர் ஏற்றார்; நூல் நின்றது. வடக்குத் திருவீதிப்பிள்ளையின் ஏட்டில் குறையே இல்லை, நியமனம் இல்லை, நூல் பூட்டப்பட்டது. முன்னதில் சிஷ்யராக நின்றவரே பின்னதில் ஆசார்யராக இருந்தார் என்பது கருதத்தக்கது. ஏடு சரியாக இருப்பது வேறு, அதை வெளியிடும் அதிகாரம் வேறு. ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது என்பதை அவர் தம் வாழ்விலேயே இருபுறமும் நின்று அறிந்தவர். பூட்டினாரேயன்றி அழித்தாரல்லர் என்பதையும் மறக்கலாகாது. ப்ராமாண்யம் உள்ள நூலை அழிக்க ஆசார்யனுக்கும் அதிகாரமில்லை போலும்.

ஈட்டின் ப்ராமாண்யம் எதனால் வந்தது என்பதற்கு அந்நூலின் நடையே சாக்ஷி. ஒரு பாசுரத்துக்கு இரண்டு பொருள் வழங்கினால், இது பட்டர் நிர்வாஹம், இது பிள்ளான் நிர்வாஹம் என்று பெயரிட்டே அது சொல்லும். ஜீயர் அருளிச்செய்யக் கேட்டது இன்னது என்று செவிவழிச் செய்திக்கும் மூலம் காட்டும். ஐதிஹ்யங்களில் யார் கேட்டார், யார் விடை சொன்னார் என்பது விடுபடாது. மாமுனிகள் ஈட்டுக்குப் பிரமாணத்திரட்டு அருளி, அதில் வரும் மேற்கோள்களுக்கெல்லாம் ஆகரத்தைத் தேடிச் சேர்த்தார். மேற்கோளின் மூலத்தைத் தேடிக் காட்டுவது மேல்நாட்டார் கற்றுத் தந்த வழக்கம் என்று எண்ணுகிற இளைஞர்கள் அத்திரட்டை ஒருமுறை புரட்டிப் பார்ப்பது நலம்.

இனி, வேறோர் இடத்துக்கும் வேறோர் காலத்துக்கும் வருவோம். இக்கட்டுரை எழுதப்படுவது நீலகிரியில், கேத்திக்கும் உதகைக்கும் இடையிலுள்ள லவ்டேலில். 1858-இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளியாலும், மலை ரயில் நிலையத்தாலும் பலர் அறிந்த ஊர். இவ்வூர் வழியாக உதகைக்கு ரயில் ஏறியது 1908-இல். அதற்குச் சில ஆண்டுகள் முன், ரயில் குன்னூரோடு நின்றுவிட்ட காலத்தில், 1901-இன் இறுதியிலும் 1902-இலுமாகச் சில மாதங்கள் இம்மலையில் தங்கித் தோடர்களை ஆராய்ந்தார் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸ் என்ற ஆங்கிலேயர். மருத்துவம் பயின்றவர், கேம்பிரிட்ஜில் உளநூல் கற்பித்தவர். 1898-இல் டாரஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்ற ஆராய்ச்சிக் குழுவில் இருந்தவர். தோடர்களைப் பற்றிய அவருடைய பெருநூல் 1906-இல் வெளிவந்தது. கள ஆராய்ச்சி எப்படிச் செய்யவேண்டும் என்பதற்கு அதை இன்றும் முன்மாதிரியாகக் காட்டுவர். ஈட்டின் வரலாற்றை மனத்தில் கொண்டு அந்நூலைப் படிப்பவருக்கு அது வேறொன்றையும் காட்டும்.

முதலில் அவருடைய சிறப்பைச் சொல்லவேண்டும். ஒரு சடங்கைப் பற்றி ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் தனியே கேட்டு ஒப்பிட்டார். இரண்டும் முரண்பட்டால் முரணையே பற்றிக்கொண்டு மேலும் துருவினார். பொதுப்படக் கேளாமல், இன்னாருக்கு இன்னது நடந்தபோது என்ன செய்தீர்கள் என்று பெயரும் நிகழ்ச்சியும் சுட்டிக் கேட்டார். தாம் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்பதைப் பிரித்து எழுதினார். 70-க்கு மேற்பட்ட வம்சாவளி அட்டவணைகளைத் தொகுத்து, பிற செய்திகளை அவற்றோடு வைத்துச் சோதித்தார். ப்ராமாண்ய விஷயத்தில் இவரைக் குறைகூற நமக்கு அதிகம் இடமில்லை.

தோடருடைய ஸமயம் எருமையையும் பாலையும் சூழ்ந்து அமைந்தது. பால்மனையே அவர்களுக்குக் கோயில். அதில் பணிபுரிபவர் அதற்கென்று சுத்தி பெற்றவர். மிக உயர்ந்த பால்மனையில் பணிபுரியும் பலோல் என்பவர் அப்பணிக் காலம் முழுவதும் ப்ரஹ்மசர்யம் காக்கவேண்டும். உள்ளே புழங்கும் பாத்திரமும் வெளியே புழங்கும் பாத்திரமும் ஒன்றையொன்று தொடலாகாது. இரண்டுக்கும் நடுவே மூன்றாவது பாத்திரம் ஒன்று நின்று பாலை மாற்றும். அங்கே பூஜிக்கப்படும் மணிகள் உண்டு. அவற்றுக்கு அவர்கள் இட்ட பெயரும் மணி என்பதே. வேண்டுதல் சொற்களை அயலார் காதில் விழாதபடி தொண்டைக்குள்ளேயே உச்சரிப்பர். மடைப்பள்ளியிலும் கர்ப்பக்ருஹத்திலும் கைங்கர்யம் செய்யும் குடியில் பிறந்தவர்களுக்கு இவற்றில் எதுவும் விநோதமாகத் தோன்றாது. எந்தச் சொல் எந்தக் காதுக்கு உரியது என்ற வரம்பு எங்கே உண்டோ, அங்கே ரஹஸ்யம் உண்டு. அது மூடத்தனம் என்று வெளியிலிருப்பவர் சொல்லலாம். உள்ளிருப்பவருக்கு அது சொல்லின் பொருளிலேயே சேர்ந்தது.

ரிவர்ஸ் இந்த ரஹஸ்யங்களைக் கேட்டார். சிலர் சொன்னார்கள். அவர் மலையைவிட்டுப் புறப்படும் காலம் நெருங்குகையில் துன்பங்கள் அடுத்தடுத்து நேர்ந்தன. புனித இடங்களைக் காட்டிக்கொடுத்த ஒருவர் கடும் நோயில் விழுந்தார். மிக உயர்ந்த சடங்கு ஒன்றைச் செய்து காட்டிய மற்றொருவரின் மனைவி சில நாட்களில் இறந்தாள். பால்மனையின் உள்முறைகளைச் சொன்ன வேறொருவரின் ஊர்ப் பால்மனை எரிந்துபோயிற்று. அயலானுக்கு ரஹஸ்யத்தைச் சொன்னதால் தெய்வங்கள் முனிந்தன என்று தோடரின் குறிசொல்வோர் கூறினர். அதன்பின் அவருக்கு யாரும் வாய்திறக்கவில்லை. இவை அனைத்தையும் அவரே தம் நூலில் எழுதியிருக்கிறார். மறைத்திருந்தால் நமக்குத் தெரியவே வழியில்லை. அந்த நேர்மைக்கு உரிய மதிப்பை அவருக்கு அளித்தே மேலே பேசவேண்டும். ஆனால் குறிசொல்வோரின் தீர்ப்புக்குப் பின்னும் அந்தச் செய்திகள் நூலில் ஏறின.

மற்றொன்று. இறந்த உறவினரின் பெயரைச் சொல்லுதல் தோடருக்கு விலக்கு. வம்சாவளியோ இறந்தவர் பெயரின்றி அமையாது. 1910-இல் தம் வம்சாவளி முறையை விளக்கி எழுதிய கட்டுரையில் ரிவர்ஸ் ஒன்றை ஒளிவின்றிச் சொல்கிறார்: இத்தகைய விலக்கு உள்ள இடத்தில், தம் அநுபவத்தில், மறைவாகவும் அக்குடும்பத்தைச் சேராதவரிடமிருந்தும் வம்சாவளியைப் பெற நேர்ந்தது என்று. அயலார் சொன்னதாயினும் பலரிடம் கேட்டு ஒப்பிட்டதால் அட்டவணைகள் பெரும்பாலும் சரியாகவே அமைந்தன. பின்வந்தவர்களும் அவற்றை ஆதாரமாகக் கொண்டனர். மறைவாகப் பெற்றது பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்லி நாம் தப்பித்துக்கொள்ள முடியாது. அது மெய்யாக இருந்தது. சொந்தப் பேரன் வாயால் சொல்லத் தயங்கும் பெயர் அச்சில் நிலையாக நின்றுவிட்டது.

இவ்விடத்தில் ந்யாயபாஷ்யம் இயற்றிய வாத்ஸ்யாயனரைத் துணையாகக் கொள்ளலாம். ஆப்தன் யார் என்பதற்கு அவர் கூறும் இலக்கணம்: பொருளை நேரே அறிந்தவன், அறிந்தபடி அறிவிக்கவேண்டும் என்ற விருப்பத்தால் தூண்டப்பட்டுச் சொல்பவன். இவ்விலக்கணம் ருஷிக்கும் ஆர்யனுக்கும் ம்லேச்சனுக்கும் பொது என்றும் அவரே சொல்கிறார். ஆகவே பால்மனை முறைகளைச் சொல்லும் தோடர், அவ்விஷயத்தில், குறைவற்ற ஆப்தர். பின்னோரிடத்தில் ஆப்தருடைய சொல் ஏன் ப்ரமாணம் என்று கேட்டு மூன்று காரணம் காட்டுகிறார்: நேரில் அறிந்திருத்தல், உயிர்களிடத்து இரக்கம், உள்ளதை உள்ளபடி சொல்லும் விருப்பம். நடுவில் உள்ளதைக் கவனிக்க. அறிவும் வாய்மையும் போதும் என்று அவர் நிறுத்தியிருக்கலாம். தர்க்க நூலார் அப்படித்தான் நிறுத்துவார் என்று நாமும் எதிர்பார்ப்போம். பூததயையை ப்ராமாண்யத்தின் அங்கமாகவே வைத்தார்.

அந்த இரக்கம் சொல்பவனுக்கு விதிக்கப்பட்டது. கேட்பவனுக்கு? கேட்டவன் அதை ஏடாக்கி மூன்றாம் மனிதனுக்குச் சொல்லும்போது அவனே சொல்பவன் ஆகிறான். அப்போது மூன்று இலக்கணமும் அவனைச் சேரும். தனக்குச் சொன்னவர்கள் நோயிலும் இழவிலும் நடுங்கி நிற்கையில், அந்த நடுக்கம் தன் தர்க்கத்துக்குப் பொருந்தாது என்று ஒதுக்குதல் எளிது. தீக்கும் சாவுக்கும் தெய்வ முனிவு காரணமா என்பது கேள்வியன்று. சொன்னவர்கள் அப்படி நம்பினார்கள். அவர்களுடைய இசைவு அந்த நம்பிக்கையின் எல்லைக்குள்தான் இருந்தது. தீர்ப்பு வந்ததும் அந்த இசைவு நின்றுவிட்டது.

ரிவர்ஸுக்கு முப்பது ஆண்டுகளுக்குப் பின், 1935 முதல் 1938 வரை இந்தியாவில் தங்கிய மொழியறிஞர் எம்.பி. எமனோ, தோட மொழியையே கற்றார். ரிவர்ஸ் மொழிபெயர்ப்பாளர்கள் வாயிலாகவே கேட்டவர். தோடர்களுக்குத் தந்தைவழிக் குலத்தோடு தாய்வழிக் குலமும் உண்டு, மணத்தடை இரண்டாலும் வரும் என்பதை 1937-இல் எமனோ வெளியிட்டார். வம்சாவளி முறைக்கே தந்தை எனப்படும் ரிவர்ஸின் கண்ணுக்கு இது தப்பியிருந்தது. தாய்மாரின் பெயர்கள் அவருடைய அட்டவணைகளில் இருந்தன. அட்டவணைகள் தந்தைவழியாக அடுக்கப்பட்டிருந்தன. ஒப்பிட்டுச் சோதிக்கும் முறை, கேட்ட கேள்விக்கு வந்த விடையைத்தான் சோதிக்கும். கேளாத கேள்வியை அது காட்டித் தராது. அதற்கு அவர்கள் மொழியில் அவர்களோடு இருக்கவேண்டும். நம்மவர் காலக்ஷேபத்துக்கு ஆண்டுக்கணக்கில் ஆசார்யன் அருகே இருந்ததன் காரணத்தில் இதுவும் ஒன்று. எமனோ பிற்காலத்தில், 1971-இல், தோடர் பாடல்களைப் பெருந்தொகுப்பாக வெளியிட்டார். பாடுவோர் விரும்பிப் பாடுவதைக் கேட்டு எழுதிய நூல் அது.

இங்கே ஒரு பூர்வபக்ஷம் எழும். எம்பெருமானார் ரஹஸ்யத்தை வெளியிட்டாரன்றோ? திருக்கோட்டியூர் நம்பி பதினெட்டு முறை நடக்கவைத்து உபதேசித்த அர்த்தத்தை, விலக்கியிருந்தும், ஆசையுடையோர்க்கெல்லாம் சொன்னாரன்றோ? ஓராண்வழியாக வந்த வரம்பை அவர் அறுத்ததை மாமுனிகளும் உபதேசரத்தினமாலையில் கொண்டாடுகிறாரன்றோ? உண்மை. ஆனால் நம்பி அழைத்துக் கேட்டபோது எம்பெருமானார் சொன்ன விடை என்ன? மீறியதற்கு நரகம் எனக்கு. கேட்டவர்கள் உய்வர் என்றார். மீறுதலால் வரும் கேட்டைத் தம் தலையில் ஏற்றுக்கொண்டார்; தமக்கு உபதேசித்தவர் தலையிலோ கேட்டவர் தலையிலோ வைக்கவில்லை. நம்பியின் முன்னிலையில் மறைக்கவுமில்லை. நம்பி அவரை அணைத்து, எம்பெருமானார் என்று பெயரிட்டு ஏற்றார். நீலகிரியில் நடந்ததில் கேடு யாரைச் சேர்ந்தது? நோயுற்றவரும் மனைவியை இழந்தவரும் பால்மனை எரிந்தவரும் சொன்னவர்கள். கேட்டவருக்குக் கிடைத்தது நூல். ரஹஸ்யத்தை வெளியிடலாமா என்ற கேள்வியைவிட, வெளியிட்டால் வரும் இழவு எவர் வீட்டுக்குப் போகும் என்ற கேள்வியே முந்தியது என்று நினைக்கிறேன்.

நம்பிள்ளையின் தடையை வேறொரு கோணத்திலும் பார்க்கலாம். இப்போது காலக்ஷேப கோஷ்டிகளில் ஆளுக்கொரு கைப்பேசி பதிவு செய்துகொண்டிருக்கிறது. அப்படிப் பதிவு செய்ததை எழுத்தாக்கி, சொன்னவரிடம் ஒருமுறையும் காட்டாமல் அச்சிட்ட புத்தகம் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் கைக்கு வந்தது. பெரியவர் பூர்வபக்ஷமாக, சிரித்துக்கொண்டே சொன்ன ஒரு வாதம் அதில் ஸித்தாந்தமாக அச்சேறியிருந்தது. குரலில் இருந்த சிரிப்பு எழுத்தில் ஏறாதல்லவா? ஏட்டைக் காட்டியிருந்தால் ஒரே வரியில் தீர்ந்திருக்கும். பெரியவர் அதற்குள் பரமபதித்துவிட்டார். இசைவு கேட்பது மரியாதைக்காக மட்டும் என்று எண்ணுவோர் இதைக் கருதவேண்டும்: இசைவு கேட்கும் அந்த வேளைதான் பிழை திருத்தவும் கிடைக்கும் வேளை. நஞ்சீயரிடம் வரதராஜரின் ஏடு சென்று மீண்டதும் அப்படித்தானே.

நியமனம் என்ற சொல்லை மறுபுறம் வளைப்போரும் உண்டு. முன்னோர் சுவடியை நியமனமில்லை என்று பெட்டியில் பூட்டி, படி எடுக்கவும் விடாமல், செல்லுக்கு இரையாக்கிய வீடுகளை அடியேன் கண்டிருக்கிறேன். அது நம்பிள்ளை காட்டிய வழி ஆகாது. நம்பிள்ளை பூட்டியதை ஒருவருக்குக் கொடுத்தார். ஈயுண்ணி மாதவப்பெருமாளிடமிருந்து அவர் குமாரர் பத்மநாபப்பெருமாளுக்கும், பின்னர் நாலூர்ப்பிள்ளைக்கும், நாலூராச்சான்பிள்ளைக்கும், திருநாராயணபுரத்திலே திருவாய்மொழிப்பிள்ளைக்கும், அவரால் மாமுனிகளுக்கும் அது வந்தது. ஒவ்வொரு கையும் படித்தும் சொல்லியும் வைத்திருந்த கை. முடிவில் நம்பெருமாள் தாமே நியமித்து, தம் உற்சவங்களையும் நிறுத்திவைத்து, ஓராண்டுக் காலம் ஸந்நிதியில் மாமுனிகள் ஈடு சொல்லக் கேட்டருளினார். அதன்பின் ஈட்டுக்குப் பூட்டில்லை. இன்று புருஷோத்தம நாயுடு அவர்களின் தமிழாக்கமாகச் சென்னைப் பல்கலைக்கழக வெளியீட்டில் அதை யாரும் வாங்கிப் படிக்கலாம்.

செல்லுக்கு இரையான சுவடியைப் பற்றிச் சொன்னதால் ஒன்றைச் சொல்லி நிறுத்துகிறேன். பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான்பிள்ளை அருளிய வ்யாக்யானத்தில் பெரும்பகுதி அழிந்துபோயிற்று. எஞ்சியது சிறு பகுதி. அழிந்த பகுதிக்கு மாமுனிகள் வ்யாக்யானம் அருளத் தொடங்கினார். நூல் முழுமைக்கும் எழுத அவருக்கு ஞானமும் இருந்தது, அதிகாரமும் இருந்தது. எழுதியிருந்தால் எவரும் குறைசொல்லியிருக்கமாட்டார். பெரியவாச்சான்பிள்ளையின் எஞ்சிய ஏடு எந்தச் சொல்லில் தொடங்குகிறதோ, அந்தச் சொல்லுக்கு முந்திய சொல்லோடு எழுத்தாணியை வைத்துவிட்டார்.